பருக்குழிக்கு அடியில் ஒரு முடிச்சு

இலவம்பஞ்சு மெத்தையைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடாமல் இருக்க, மேலிருந்து கீழ்வரை அங்கங்கே நூலை ஊடுருவவிட்டு முடிச்சு போட்டிருப்பார்கள். முடிச்சு விழுந்த இடமெல்லாம் குழி. அந்தக் குழியை மேலே எவ்வளவு தட்டினாலும் நீவினாலும் எழும்பாது. அடியில் இருக்கும் நூலை அறுத்தால் பஞ்சு தானாக உப்பி மேலே வரும்.

பரு வந்து போன கன்னத்தில் அகலமாகத் தெரியும் பள்ளங்கள் பலவும் இந்த மெத்தைக் குழி மாதிரிதான். தோலுக்கு அடியில் நார் போன்ற இழைகள் உருவாகி, தோலைக் கீழே பிடித்து இழுத்து வைத்திருக்கின்றன. ஓர் ஊசியை உள்ளே செலுத்தி அந்த இழைகளை அறுத்துவிடுவதுதான் சப்சிஷன். பெரிய ஆபரேஷன் இல்லை. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், பெரும்பாலும் தையலும் வேண்டாம். அரை மணி, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இந்த எளிய விஷயம் எனக்குப் புரிய பதினைந்து வருடம் ஆனது. ப்ளஸ் டூ படிக்கும்போது ஆரம்பித்த பரு, காலேஜ் முடிவதற்குள் இரண்டு கன்னத்தையும் குழியாக்கிவிட்டுப் போனது. அதன் பிறகு நான் பூசாத பொருள் இல்லை. கடலைமாவு, கஸ்தூரி மஞ்சள், உருளைக்கிழங்குச் சாறு, சந்தனம் என்று வரிசையாகப் பூசினேன். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலை அத்தை ஒருத்தர், "தம்பி, ராத்திரி படுக்கறப்போ ஜாதிக்காயைப் பால்ல உரசிப் போடுப்பா, ஒரே மாசத்துல மறைஞ்சிரும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் மெத்தைக்குள் இருக்கும் நூலை ஜாதிக்காய் என்ன செய்யும்?

பரு எப்படிக் குழியாகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். மயிர்க்கால் அடைபடுகிறது. அதோடு ஒட்டியிருக்கும் சுரப்பியின் எண்ணெய், செத்த செல்கள், அங்கேயே குடியிருக்கும் பாக்டீரியா எல்லாம் உள்ளே தேங்கி வீங்குகிறது. வீக்கம் மேலோட்டமாக நின்றால் தடம் தெரியாமல் ஆறிவிடும். ஆழத்தில் நடந்தால் மயிர்க்காலின் சுவர் உடைந்து, உள்ளே இருந்ததெல்லாம் சுற்றியுள்ள தோலுக்குள் கொட்டிவிடும். உடம்பு அதை விரட்ட முழு பலத்தோடு இறங்கும். அந்தச் சண்டையில் தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதமும் சேர்ந்து அழிகிறது. ஆறும்போது உடம்பு இழந்த அளவுக்குக் கொலாஜனைத் திரும்பப் போடாவிட்டால் அந்த இடம் பள்ளம். தேவைக்கு மேல் போட்டுவிட்டால் மேடு. பருத் தழும்புகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது பள்ள வகைதான். மேடு வகை தாடையோரம், மார்பு, தோள், முதுகு ஆகிய இடங்களில் அதிகம் வரும். அதற்கு வைத்தியம் முற்றிலும் வேறு, இந்தக் கட்டுரையில் அது கிடையாது.

இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பரு ஆறியதும் விட்டுப்போகும் கறுப்புப் புள்ளியும் சிவப்புத் தடமும் தழும்பு இல்லை. அவை வெறும் நிறம். நம் மாநிறத் தோலில் கறுப்பு எளிதில் விழும், போக மாதக்கணக்கில் ஆகும், ஆனால் போகும். வெயிலைத் தடுத்து, டாக்டர் சொல்லும் கிரீமைப் பூசினால் சீக்கிரமே மங்கும். நிறத்துக்குச் சிகிச்சை செய்துவிட்டுக் குழி போகவில்லையே என்று நொந்துகொள்பவர்கள் நிறையப் பேர். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

உங்களுக்கு இருப்பது நிறமா, குழியா என்று வீட்டிலேயே பார்க்கலாம். அறை விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடி முன் நின்று, மொபைல் டார்ச்சைக் காதுப் பக்கத்திலிருந்து கன்னத்தின் குறுக்கே அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்திருந்த பள்ளமெல்லாம் நிழல் கட்டி நிற்கும். வெறும் நிறமாக இருந்தால் நிழல் விழாது. குழி உள்ளவர்களை உறுத்துவதும் உண்மையில் இந்த நிழல்தான். லிஃப்டுக்குள் தலைக்கு நேர் மேலே எரியும் விளக்கை நான் வெறுத்ததற்கும், போட்டோ எடுக்கும்போது ஜன்னலுக்கு நேராக முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கும் அதுதான் காரணம். அப்போது காரணம் தெரியாமலே செய்தேன்.

சரி, குழி என்று உறுதியாகிவிட்டது. எந்தக் குழி? வைத்தியம் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. 2001-இல் ஜேகப், டோவர், காமினர் என்ற மூன்று மருத்துவர்கள் பருக்குழிகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். இன்றும் டாக்டர்கள் அந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள்.

முதலாவது ஐஸ்பிக். பனிக்கட்டி உடைக்கும் கூரான ஊசியால் குத்தியதுபோல இருப்பதால் அந்தப் பெயர். வாய் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆழமோ அதிகம். அரைகுறை வெளிச்சத்தில் திறந்த மயிர்த்துளை என்றே நினைப்போம். இரண்டாவது பாக்ஸ்கார். அம்மைத் தழும்பு மாதிரி, ஓரம் செங்குத்தாக, அடி தட்டையாக இருக்கும். மூன்றாவது ரோலிங். அகலம் 4, 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும். ஓரம் இங்கேதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. மணல்மேட்டில் காற்று வரைந்த அலைபோல ஏறி இறங்கும். தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தால் ரோலிங் பெரும்பாலும் மறையும். ஐஸ்பிக் அப்படியே நிற்கும்.

மெத்தை முடிச்சு என்று நான் சொன்னது இந்த மூன்றாவது வகை. சப்சிஷன் முதன்மையாக இதற்குத்தான். பாக்ஸ்காரிலும் அடியில் பிடிப்பு இருந்தால் ஓரளவு உதவும். ஐஸ்பிக் குழிக்கு இதனால் பெரிய பலன் இல்லை. ஒரே முகத்தில் மூன்றும் கலந்திருப்பதுதான் வழக்கம் என்பதால், ஒரே வைத்தியத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

நியூயார்க்கைச் சேர்ந்த டேவிட் ஓரென்ட்ரைச்சும் நார்மன் ஓரென்ட்ரைச்சும் 1995-இல் இந்த முறையை விவரித்து எழுதினார்கள். மகனும் அப்பாவும். தோலைக் கீறித் திறக்காமலே அடியில் செய்யும் அறுவை என்று பொருள்படும் நீளமான ஆங்கிலப் பெயரைச் சுருக்கிச் சப்சிஷன் ஆக்கினார்கள். இதில் அப்பா நார்மன், 1950-களில் முடி நடும் சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவரும்கூட. வழுக்கைக்கும் குழிக்கும் ஒரே வீட்டிலிருந்து வழி பிறந்திருக்கிறது.

இனி சிகிச்சை அறைக்குள் போகலாம். முதல் வேலை படுப்பது இல்லை, உட்காருவது. படுத்தால் தோல் பின்னால் சரிந்து பாதிக் குழி காணாமல் போய்விடும். அதனால் நேராக உட்காரவைத்து, பக்கவாட்டில் விளக்கு அடித்து, ஒவ்வொரு குழியையும் மார்க்கரால் வட்டம் போடுவார்கள். எனக்குப் போட்டு முடித்ததும் கண்ணாடியைக் காட்டினார்கள். இரண்டு கன்னமும் வரைபடத்தில் ஊர்களைக் குறித்து வைத்தது போல இருந்தது.

அப்புறம் படுக்கவைத்து, கிருமிநாசினியால் துடைத்து, மரத்துப்போகும் ஊசி. லிக்னோகெய்ன் மருந்தோடு அட்ரீனலின் கலந்திருப்பார்கள். முதலாவது வலியை நிறுத்த, இரண்டாவது ரத்தக்குழாய்களைச் சுருக்கி ரத்தப்போக்கைக் குறைக்க. உண்மையைச் சொன்னால் மொத்தச் சிகிச்சையிலும் எரிச்சலான கட்டம் இதுதான். மருந்து உள்ளே போகும்போது சுள்ளென்று எரியும். அதன் பிறகு சில நிமிடம் சும்மா காத்திருப்பார்கள், கன்னம் வெளுத்து மரத்துப்போகும்.

அடுத்து வருவது சப்சிஷன் ஊசி. சாதாரண ஊசியையும் பயன்படுத்தலாம். முனையில் முக்கோணக் கத்தி வைத்த நோகோர் என்ற ஊசியும் உண்டு. முனை மழுங்கிய கேனுலா என்ற குழலை விரும்புகிற டாக்டர்களும் உண்டு, ரத்தக்கட்டு குறைவாக இருக்கும் என்பது அதன் சாதகம். குழிக்குச் சற்றுத் தள்ளி ஒரே ஒரு சின்னத் துளை. அதன் வழியாக ஊசியைத் தோலுக்கு இணையாக, படுக்கைவாட்டில், குழிக்கு அடியில் கொண்டுபோவார்கள். முதலில் முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். பிறகு விசிறியை விரிப்பதுபோல இடமும் வலமும். ஒரே துளையிலிருந்து பல குழிகளை எட்டிவிடலாம்.

வலி இல்லை. ஆனால் சத்தம் கேட்கும். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இழை அறும்போது டக், சர்க் என்று, பழைய கோணிப்பையில் தையலைப் பிரிக்கும்போது கேட்குமே, அப்படி ஒரு சத்தம். காதுக்கு அவ்வளவு பக்கத்தில் என்பதால் தலைக்குள்ளேயே கேட்பது போல இருக்கும். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. "அது நல்ல சத்தம்தான் சார், இழை அறுந்தாத்தான் வரும்" என்றார் டாக்டர். சத்தம் வராத குழிகளில், அதாவது அடியில் பிடிப்பே இல்லாத குழிகளில், அவர் அதிக நேரம் செலவழிக்கவில்லை என்பதைப் பிறகு கவனித்தேன்.

முடிந்ததும் சில நிமிடம் பஞ்சை வைத்து அழுத்திப் பிடிப்பார்கள். ரத்தம் வெளியே கொட்டாமல் இருக்க இது வேண்டும். ஆனால் உள்ளே கொஞ்சம் ரத்தம் தேங்குவது நல்லது. இழையை அறுத்ததும் தோலுக்கு அடியில் ஒரு சின்ன வெற்றிடம் உண்டாகிறது. அங்கே தேங்கும் ரத்தம், தோலும் அடிப்பகுதியும் உடனே ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் நிற்கிறது. காயம் ஆறும்போது அதே இடத்தில் உடம்பு புதுக் கொலாஜனைப் போடத் தொடங்குகிறது. ஆக, அறுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதியை அடுத்து வரும் மாதங்களில் உடம்பே செய்கிறது. அதனால்தான் ஒரு வாரத்தில் கண்ணாடி முன் நின்று பலனைத் தேடுவது வீண். வீக்கம் இருக்கும்வரை குழி எல்லாம் காணாமல் போனதுபோலத் தெரியும். வீக்கம் வடிந்ததும் ஐயோ திரும்பிவிட்டதே என்று மனம் உடையும். உண்மையான நிலவரம் தெரிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும்.

முதல் வாரம் முகம் பார்க்கச் சகிக்காது. கன்னிப்போன நீலம், பச்சையாகி, மஞ்சளாகி, ஒன்றிரண்டு வாரத்தில் மறையும். நான் மூன்றாம் நாளே வேலைக்குக் கிளம்பிவிட்டேன். டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே, "யார் சார் கை வெச்சது?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். கல்யாணம், இன்டர்வியூ எதுவும் பக்கத்தில் இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். சில இடங்களில் உள்ளே பட்டாணி அளவு கட்டியாகத் தங்கிச் சில வாரம் உறுத்தலாம். பெரும்பாலும் தானாகக் கரையும், இல்லாவிட்டால் டாக்டரிடம் அதற்கு ஊசி இருக்கிறது. நீங்களாக அமுக்கித் தேய்க்க வேண்டாம். நாள் போகப்போக வலி குறையாமல் கூடினாலோ, சூடாகிச் சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே போய்க் காட்டுங்கள்.

அறுத்த இழைகள் திரும்ப ஒட்டிக்கொள்வதும் உண்டு. இந்தச் சிகிச்சையின் பலவீனம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதனால் ஒரே தடவையில் முடிவது அபூர்வம். நாலு வாரமோ அதற்கு மேலோ இடைவெளி விட்டு, சிலருக்கு மூன்று தடவை, சிலருக்கு ஐந்தாறு தடவைகூட ஆகும். ஒட்டாமல் இருக்கச் சிலர் அடியில் ஃபில்லர் என்ற நிரப்பும் ஜெல்லை வைக்கிறார்கள், சிலர் நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைச் செறிவாகப் பிரித்தெடுத்த பிஆர்பி போடுகிறார்கள், சிலர் அடுத்தடுத்த நாட்களில் உறிஞ்சும் கருவியால் தோலை மேலே இழுத்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் செலவைக் கூட்டும் என்பதால், எனக்கு இது எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதிப்பது நல்லது.

ஐஸ்பிக் குழிக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். கிராஸ் என்று ஒரு முறை இருக்கிறது. தென்கொரிய மருத்துவர்கள் 2002-இல் எழுதியது. அடர்த்தியான டிசிஏ அமிலத்தை, கூராகச் சீவிய பல்குத்தும் குச்சியின் முனையில் தொட்டு, குழியின் அடியில் மட்டும் அழுத்தி வைப்பார்கள். சில நொடியில் அந்தப் புள்ளி உப்புப் பூத்ததுபோல வெளுக்கும். பக்கு கட்டி உதிரும், அடியிலிருந்து குழி மெல்ல மெல்லத் தூர்ந்து வரும். அவர்கள் பயன்படுத்திய அமிலம் 65, 100 சதவீத அடர்த்தி. இதே அமிலம் ஆன்லைனில் பாட்டிலில் கிடைக்கிறது, வீடியோ பார்த்து வீட்டிலேயே வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். குழியின் வாயைத் தாண்டி ஒரு சொட்டு வழிந்தால் குழி அகலமாகும், சுற்றிலும் கறுக்கும். தயவுசெய்து வேண்டாம்.

ஆழமான பாக்ஸ்காருக்கு பஞ்ச் முறை உண்டு. குக்கீ வெட்டும் அச்சுபோன்ற குட்டிக் குழாயால் குழியையே வட்டமாக வெட்டியெடுத்துத் தையல் போடுவார்கள், அல்லது அடியைத் தூக்கிச் சமமாக வைப்பார்கள். நுண்ணூசிகளால் தோலில் குத்தும் மைக்ரோநீட்லிங்கும் லேசரும் மேல்பரப்பின் சொரசொரப்பைச் சீர்செய்ய நல்லவை. அடியில் கட்டியிருக்கும் முடிச்சை அவை அவிழ்ப்பதில்லை என்பதால், பல டாக்டர்கள் சப்சிஷனை முதலிலோ இவற்றோடு சேர்த்தோ செய்கிறார்கள். ஒரு பியூட்டி பார்லரில் நுண்ணூசி பதித்த டெர்மா ரோலர் உருட்டிக்கொண்டு வந்தவன் நான். குழி அப்படியே இருந்தது, கூடவே ஆறு மாதத்துக்குக் கறுப்புப் பட்டைகள் இலவசம்.

யாருக்கு இது இப்போது வேண்டாம்? முதலில், பரு இன்னும் வந்துகொண்டிருப்பவர்களுக்கு. ஒழுகும் கூரையை விட்டுவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கிற கதைதான் அது. பருவை அடக்கிவிட்டுக் குழிக்கு வாருங்கள். காயம் பட்ட இடமெல்லாம் தடித்து வளரும் கீலாய்டு உடம்புக்காரர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும்தான். முகத்துக்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள். உதட்டோரம் அடிக்கடி அக்கி வருவது, மரத்துப்போகும் ஊசிக்கு முன்பு ஒவ்வாமை வந்தது, கர்ப்பம் இவையும் சொல்ல வேண்டியவை. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லுங்கள். முன்பெல்லாம் மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் ஆக வேண்டும் என்பார்கள். இப்போது எல்லாச் சிகிச்சைக்கும் அவ்வளவு காத்திருக்க வைப்பதில்லை, உங்கள் விஷயத்தில் எது பொருந்தும் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

இன்னொன்று, ஊசி யார் கையில் இருக்கிறது என்பது. நெற்றிப்பொட்டுப் பக்கமும் தாடை எலும்பின் ஓரமும் முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகள் அதிக ஆழமில்லாமல் ஓடுகின்றன. தாடையோரத்தில் ஒரு ரத்தக்குழாய் குறுக்கே ஏறுகிறது, விரல் வைத்தால் துடிப்பே தெரியும். எந்த ஆழத்தில் ஊசி போகிறது என்று தெரிந்தவர்தான் அங்கே கை வைக்க வேண்டும். தோல் மருத்துவமோ பிளாஸ்டிக் சர்ஜரியோ படித்தவரா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். எனக்கு இருப்பது எந்த வகைக் குழி, எத்தனை தடவை ஆகும், ஒரு தடவைக்கு எவ்வளவு என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். "நூறு சதவீதம் போயிடும்" என்று பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம். குழி குறையும், நிழல் மெலியும், அவ்வளவுதான். பரு வராத கன்னமாக அது மாறாது.

முன்பும் பின்பும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில், ஒரே பக்கவிளக்கில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும், செல்ஃபி உதவாது. சிகிச்சைக்குப் பிறகு சன்ஸ்கிரீன் கட்டாயம். காயம்பட்ட மாநிறத் தோலை வெயில் உடனே கறுக்கவைக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வெள்ளையாக்கும் கிரீம்களில் பல ஸ்டீராய்டு கலந்தவை. முதலில் பளிச்சென்று ஆக்கி, பிறகு தோலை மெலியவைத்து, பருவையே திரும்ப அழைத்து வரும்.

எனக்கு மூன்று தடவை ஆனது. ஷேவிங் செய்யும் ஆண்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும், ஆழமான குழிக்குள் இருக்கும் முடியை ரேஸர் தொடாமல் தாண்டிப் போய்விடும். கன்னத்தை உள்ளிருந்து நாக்கால் உப்பவைத்துத்தான் வழிக்க வேண்டும். இடது கன்னத்தில் இப்போது நாக்குக்கு வேலை இல்லை, ரேஸர் ஒரே இழுப்பில் போகிறது. வலது பக்கம் காதோரமாக இரண்டு ஐஸ்பிக் குழிகள் இருக்கின்றன. அவற்றில் இன்னும் முடி தங்குகிறது.